எனது நிழற்படப் பெட்டி

நம் கல்லூரி மாணவருள் கையிற் காமிரா இல்லாதார் இக்காலத்து எவருமிலர். கைப்பேசி வைத்திருப்போர் அனைவரும் படம் பிடிப்போரே. விடுதி உணவுக்கூடத்து இட்டலி முதலாக, மாலையில் தாமிரபரணியின்மீது படரும் செக்கர் ஈறாக, அவர்தம் விரலுக்குத் தப்பியது ஒன்றுமில்லை. இங்ஙனமிருக்க, ஒரு நிமிடத்தில் நூறு படம் எடுக்கும் கருவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே, ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம் மட்டுமே தரவல்லதும், ஒரு கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையுள்ளதுமாகிய பழம்பெட்டியொன்றைக் கழுத்திற் கட்டித் தொங்கவிட்டுத் திரிகின்ற என்னைக் கண்டு நண்பர்கள் நகைப்பது இயல்பே. "பழையன எவற்றையும் விடாது பற்றிக்கொள்ளுதல் தமிழ் மாணவர்க்குப் பிறவிக்குணம்" என்றார் பௌதிக வகுப்பு நண்பரொருவர். அதனை நான் மறுக்கவில்லை. ஆயினும் அப்பெட்டியால் எனக்கு நேர்ந்த ஓர் இழுக்கையும், அதன்பின் நான் உரைத்த பொய்யையும் அவர் அறியார். அறிந்திருப்பின் இன்னும் நன்றாக நகைத்திருப்பார்.

அப்பெட்டி என் தாயைப் பெற்ற தாத்தாவுடையது. யாஷிகா-மாட் 124ஜி என்பது அதன் பெயர், ஜப்பானியர் செய்தது. தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியராயிருந்த தாத்தா அதனை யாரோ ஒருவரிடம் பழையதாக வாங்கி, ஊரிலுள்ளாருடைய திருமணங்களையும், திடப்படுத்தல் பெற்ற பிள்ளைகளையும், பள்ளி ஆண்டு விழாக்களையும் படம் பிடித்து வந்தார். நெகட்டிவ்களைப் பழைய விடைத்தாள்களால் உறைசெய்து அடுக்கி வைத்திருந்தார். உறையைப் பிரித்தால், எவனோ ஒரு சிறுவன் கணக்கிற் பெற்ற மதிப்பெண்ணுக்குக் கீழே ஒருவருடைய திருமணம் உறங்கிக்கிடக்கும். அவர் பயன்படுத்திய பிலிம் உதகமண்டலத்திற் செய்தது. 1960-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசினர் தொழிற்சாலை 'இந்து' என்னும் பெயரால் கறுப்பு வெள்ளைச் சுருள்களை விற்றுவந்தது. அத்தொழிற்சாலை இன்று மூடப்பட்டுவிட்டது. நாங்கள் வாங்குவன கடல்கடந்து வருவன. ஒரு சுருளின் விலை விடுதியிற் பலநாள் உணவுச் செலவுக்கு ஈடு. ஆதலின் பன்னிரண்டில் ஒன்றைச் செலவிடுமுன் பன்னிருமுறை எண்ணவேண்டியிருக்கிறது.

பெட்டிக்கு இரண்டு கண். மேற்கண் நமக்காக, கீழ்க்கண் பிலிமுக்காக. மேற்கண்ணின் வழி நுழைந்த ஒளி, உள்ளே சாய்வாக வைத்த ஆடியிற் பட்டு மேலெழுந்து, பெட்டியின் தலைமேலுள்ள தேய்த்த கண்ணாடியில் உருவமாய் விழும். அதனைக் காணத் தலைகுனிய வேண்டும். உருவம் நிமிர்ந்தே தோன்றும். ஆனால் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறியிருக்கும். வலப்பக்கம் ஓடும் ஆட்டுக்குட்டி கண்ணாடியில் இடப்பக்கம் ஓடக் காண்போம். கை ஒருபுறமும் ஆடு ஒருபுறமுமாகப் போய், ஈற்றில் வேலி மட்டுமே படத்தில் விழும். முதன்முதலாக முற்றத்தில் நான் அசையாது தலைகுனிந்து நின்றதைக் கண்ட பாட்டி, உள்ளிருந்த சிறுவரை நோக்கி, "சத்தம் போடாதிங்க, அண்ணன் ஜெபம் பண்ணுதான்" என்றார்கள். இக்குனிதலால் ஒரு நன்மையும் உண்டு. முகத்துக்கு நேரே கருவியை உயர்த்திப் பிடிப்பவனைக் கண்டவுடன் மக்கள் விறைத்துப்போகின்றனர். தலைகுனிந்து நிற்பவனைக் கண்டு எவரும் விறைப்பதில்லை.

இதனை எப்பெயரால் அழைப்பது என்பதில் எனக்கும் என் அறைத்தோழனுக்கும் நீண்டநாள் வழக்கு. அவன் தனித்தமிழ் அன்பன். காமிராவை 'நிழற்படக் கருவி' என்றும், நெகட்டிவை 'எதிர்ப்படம்' என்றும் கூறவேண்டுமென்பான்; ஹைப்போவுக்கு யாது சொல் என்று கேட்டால் அகராதியைத் தேடப் போய்விடுவான். எங்களூரார் இதனைப் 'போட்டாப் பெட்டி' என்பர். பிலிமைத் துலக்கி உருவத்தை வெளிப்படுத்துதற்கு அவர்கள் வழங்கும் சொல் 'கழுவுதல்'. அதனினும் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. 'கழுவியாயிற்றா?' என்னும் கேள்வியே பின்னர் என்னை ஆறு மாதம் துன்புறுத்தியதாதலின், அச்சொல்லை நான் மறத்தலும் அரிது.

கழுவுதலாவது யாதெனின்: பிலிமின்மேல் வெள்ளியுப்பின் நுண்மணிகள் ஜெலட்டினிற் கலந்து பூசப்பட்டிருக்கின்றன. ஒளிபட்ட மணிகளில் நிகழும் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. உருவம் உண்டு; ஆனால் ஒளிந்திருக்கும். டெவலப்பர் என்னும் கரைசல் ஒளிபட்ட மணிகளை மட்டும் கரிய வெள்ளியாக மாற்றும். ஹைப்போ என்பது எஞ்சிய மணிகளைக் கரைத்து அகற்றிவிடும். ஹைப்போவுக்கு இவ்வியல்புண்டு என்பதை ஜான் ஹெர்ஷல் 1819-ஆம் ஆண்டிலேயே கண்டிருந்தார். இருபதாண்டு கழித்தே அது நிழற்படக் கலைக்குப் பயன்பட்டது. முன்னர் டெவலப்பர், பின்னர் ஹைப்போ. இவ்வரிசையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

படம் எடுத்தலினும் படத்தைப் பிறர்க்குக் கொடுத்தலே இக்கலையில் என்னை ஈர்த்தது. 1839-ஆம் ஆண்டிற் பாரிசில் வெளியிடப்பெற்ற டாகெர் முறையில், வெள்ளிபூசிய தகட்டின்மேல் வியத்தகு தெளிவோடு உருவம் அமைந்தது; ஆனால் ஒரு தகட்டுக்கு ஒரே படம்; அதனை உடையார் ஒருவரே. இங்கிலாந்தில் டால்பட் கண்ட முறையோ, முதலில் தாளில் நெகட்டிவை ஆக்கி, அதிலிருந்து வேண்டிய படிகளை எடுத்துக்கொள்ள இடந்தந்தது. தெளிவிற் குறைந்ததாயினும் பலர்க்கும் பகிரத் தக்கதாயிருந்தமையின், பிலிம் உலகம் டால்பட்டின் வழியிலேயே சென்றது. தமிழ் மாணவராகிய நாம் அவ்வழிக்குத் தனியே நன்றி பாராட்டலாம். காப்டன் லின்னேயஸ் டிரைப் என்பார் சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராக அமர்ந்து, 1858-ஆம் ஆண்டில் மதுரை, தஞ்சை முதலிய இடங்களைப் படம் பிடித்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்துக் கல்வெட்டுக்களை அவர் 21 படங்களாக எடுத்து ஒட்டிச் சேர்த்த நீள்படம் ஏறத்தாழ 19 அடி நீளமுள்ளது. இராசராசனுடைய எழுத்துக்கள் ஆங்குக் கல்லின் தழும்புகளோடே காணப்படுகின்றன. கல்வெட்டுப் பாடத்தன்று ஆசிரியர் இதனைக் கூறக்கேட்டபின் என் பெட்டியை நான் சற்று மதிப்போடு தூக்கத் தொடங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கல்லூரியில் இப்பித்துக் கொண்டோர் ஆறு பேர் உள்ளோம். மூத்த மாணவர் ஒருவர் எங்களுக்கு டி-76 என்னும் டெவலப்பரின் கணக்கை எழுதித் தந்தார்: ஒரு லிட்டர் நீருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட்டு 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். 1927-ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் கணக்கு இது. இரசாயனப் பகுதியாரின் இசைவு பெற்று அவர்களுடைய தராசில் நிறுத்துக்கொள்வோம். விடுதியின் மாடிக் குளியலறையொன்றின் சாளரத்தைக் கறுப்புத் துணியால் மூடினால் இருட்டறை ஆயத்தம். மாதத்தில் ஒருநாள் தாழ்வாரத்திற் கயிறு கட்டி, அவரவர் படங்களைத் துணியுலர்த்தும் கவ்விகளாற் கோத்துத் தொங்கவிடுவோம். விரும்புவோர் கழற்றிக்கொண்டு போகலாம். ஈடாகத் தம் படம் ஒன்றைத் தொங்கவிட வேண்டும். சமையற்கூடத்து அண்ணன் ஒருவர் ஈடொன்றும் வைக்காமலே தம் குழந்தையின் படத்தைக் கழற்றிக்கொண்டு, மறுநாள் எங்கள் அறுவர்க்கும் முட்டை தனியே பொரித்துத் தந்தார். அதனையும் ஈடாகவே கொண்டோம்.

இனி என் இழுக்கைக் கூறவேண்டும்.

எங்களூர் மெஞ்ஞானபுரத்துக்கு அப்பால், தேரிமணற் காட்டின் ஓரத்தே உள்ளது. என் பெரியப்பா ஐம்பதாண்டு பனையேறியவர்கள். இளமையில் நாற்பது மரம், இரு வேளையும்; சென்ற ஆண்டுக்கு முந்திய பருவத்திற் பதினைந்து மரமே. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அப்பருவத்தோடு நிறுத்திவிடுவதென்று முடிவு செய்திருந்தார்கள். மே மாத விடுமுறையில் நான் பெட்டியுடன் போய் நின்றபோது அவர்கள் என்னை அழைத்து, "ஏலே தம்பி, என் போட்டா ஆதார் அட்டையிலதான் இருக்கு. அதுல மூஞ்சி மட்டுந்தான். பட்டணத்துல இருந்து எத்தனையோ பேரு வந்து நான் மரத்துல நிக்கிறதைப் பிடிச்சுட்டுப் போயிருக்கான். ஒருத்தனும் ஒண்ணு குடுத்ததில்ல. நீ எடுத்துக் குடுல" என்றார்கள்.

மறுநாட் காலை விடியுமுன்னரே சென்றோம். பெட்டியின் ஒளிமானி இயங்குவதில்லை. அதற்குரிய பாதரச மின்கலம் இப்போது விற்பனையில் இல்லை. 400 வேகமுள்ள பிலிமுக்கு உச்சிவெயிலில் 16 என்னும் துளையும் ஐந்நூறில் ஒரு பங்கு நொடியும் என்பது எங்கள் வாய்பாடு. இளவெயிலாதலின் துளையை 8-க்குத் திறந்தேன். பெரியப்பா அரிவாள்பெட்டியை இடுப்பிற் கட்டி, முருக்குத்தடியை மரத்திற் சாய்த்து மிதித்து ஏறினார்கள். பாதி மரத்தில், "கொஞ்சம் நில்லுங்க பெரியப்பா" என்றேன். நின்றார்கள். ஐம்பதாண்டு மரத்தோடு உராய்ந்து காய்த்துப்போன நெஞ்சின்மேல் கீழ்வானத்து ஒளி பக்கவாட்டில் விழுந்தது. பெட்டியைச் சாய்த்தவுடன் கண்ணாடி என் முகத்துக்கு நேரே எழுந்தது. அதில் அவர்கள் வலக்கை இடக்கையாகத் தோன்ற, கலயமும் ஓலையும் அவர்களும் ஒரு சதுரத்துள் அடங்கினர். ஆறு படம் எடுத்தேன். எஞ்சிய ஆறும் விடிலியில் பெரியம்மா பதநீர் காய்ச்சுவது. அன்று என் தங்கை, "போன்லயும் ஒண்ணு எடுத்துக்கோ அண்ணா" என்றாள். "அது வேறு, இது வேறு" என்று செருக்கோடு மறுத்தேன். இச்சொல்லை இப்போது எழுதவும் கூசுகிறது.

ஜூன் மாதத்தில் விடுதிக்குத் திரும்பிக் கழுவத் தொடங்கினேன். டெவலப்பர் 20 பாகை வெப்பத்தில் இருத்தல் வேண்டும். எங்கள் குழாய்நீரோ முப்பதுக்கு மேல். வெம்மை மிகுந்தால் ஜெலட்டின் இளகும், உருவமும் முரடாகும். ஆகவே வாளியில் பனிக்கட்டியிட்டு, டெவலப்பர் புட்டியையும் ஹைப்போப் புட்டியையும் அதனுள் அமிழ்த்தி வைத்தேன். இரண்டும் ஒரேவகைப் பழுப்புநிறப் புட்டிகள். அரைமணி கழித்து எடுத்தபோது, நான் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டுகள் இரண்டும் கழன்று நீரில் மிதந்தன. முகர்ந்து பார்த்திருக்கலாம். ஒரு துளி நகத்தில் விட்டுப் பார்த்திருக்கலாம். இருட்டில் அடைத்த பிலிம் தொட்டிக்குள்ளேயே நாளைவரை இருந்திருப்பினும் கேடில்லை. நானோ, வலப்பக்கத்து உள்ளதே டெவலப்பர் என்று துணிந்து ஊற்றினேன்.

தொட்டியைத் திறந்து சுருளைப் பிரித்தபோது, கண்ணாடி போலத் தெளிந்த பட்டையொன்று நீண்டு வந்தது. அதன் வழியே குளியலறைச் சுவர் நன்றாகத் தெரிந்தது. ஹைப்போ முதலிற் சென்று, ஒளிபட்டது படாதது என்னும் வேற்றுமையின்றி அனைத்தையும் கரைத்துவிட்டது. அந்நேரத்தும் என் மனம் பெட்டியின்மீது பழிபோட வழிதேடிற்று: மூடி திறவாதிருந்திருக்குமோ, பிலிம் நகராதிருந்திருக்குமோ என்று. ஆனால் பிலிமின் ஓரத்தில் தொழிற்சாலையாரே ஒளியால் எழுதிவைக்கும் எண்களும் எழுத்துக்களும் உண்டு. பெட்டி பழுதாயினும் அவை கழுவும்போது தோன்றியே தீரும். அவற்றையும் காணோம். தாத்தாவின் பெட்டி குற்றமற்றது என்பதற்கு அதனினும் சான்று வேண்டுவதில்லை.

இதனை அன்றே சொல்லியிருந்தால் இக்கட்டுரைக்கு இடமில்லை. ஜூன் இறுதியிற் பெரியப்பா தொலைபேசியில், "கழுவியாச்சால?" என்று கேட்டார்கள். "மருந்து தீர்ந்துபோச்சு, பெரியப்பா" என்றேன். ஜூலையில் மறுபடியும் கேட்டார்கள். "பெரிசாப் போடணும், தாள் வரலை" என்றேன். மூன்றாவது எங்களூர் அசனத்தன்று. இலைக்கு முன்னே உறவினர் முப்பது பேர் அமர்ந்திருக்க, பெரியப்பா என் முதுகிற் கைவைத்து, "நம்ம தம்பி எடுத்த படத்தைக் கிறிஸ்துமசுக்கு வீட்டுல மாட்டப்போறேன், சட்டங்கூட வாங்கியாச்சு" என்றார்கள். "காலேஜ்ல இருக்கு பெரியப்பா, கொண்டுவாரேன்" என்று என் வாய் கூறிற்று. அதற்குள் அவர்கள் மரமேறுவதை நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஞாயிறு விடுதி ஆராதனையில், பேதுரு மறுதலித்த அதிகாரத்தை வாசிக்கும் முறை எனக்கு வந்தது. சேவல் கூவும் இடத்தை யாரும் கவனியாதபடி விரைந்து கடந்தேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சென்றேன். கூடத்துச் சுவரில் ஆணி அறையப்பட்டிருந்தது. சட்டம் பெட்டகத்தின்மேல் கண்ணாடி துடைத்துச் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. பெரியப்பா விடிலியில் ஓலை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கேயே நின்று முழுவதையும் சொன்னேன். அவர்கள் கையிலிருந்த ஓலையைக் கீழே வைக்காமலே கேட்டார்கள். சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த மருந்து முந்திப் போனா என்ன ஆகும்?" என்று வினவினார்கள். விளக்கினேன்.

"கலயத்துல சுண்ணாம்பு தடவாமப் பாளையில கட்டுனா என்னல ஆகும்?"

"கள்ளாப் போகும்."

"பெறவு சுண்ணாம்பு போட்டாப் பதநீர் ஆயிருமா?"

"ஆகாது பெரியப்பா."

"அவ்வளவுதாம்ல. எனக்கும் எத்தனையோ தடவை அப்பிடிப் போயிருக்கு." ஓலையை அடுக்கின்மேல் வைத்துத் தட்டிச் சரிசெய்தார்கள். "ஆனா அதை நான் பதநீருன்னு ஒருத்தன்கிட்டயும் வித்ததில்ல."

அதன்மேல் அவர்கள் அதனைப்பற்றிப் பேசவேயில்லை. என்னாலும் பேசமுடியவில்லை. இரவு உணவின்போது, "நாளைக்குப் பெட்டியை எடுத்துட்டு வா" என்று மட்டும் சொன்னார்கள். "இன்னொரு தடவை பாதி மரம் ஏறட்டுமா?" என்று அவர்கள் கேட்டதற்குப் பெரியம்மா அடுக்களையிலிருந்தே கூறிய விடையை ஈண்டு எழுதுதல் தகாது.

மறுநாள் மரத்தடியில் எடுத்தோம். அரிவாள்பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஒரு கையை மரத்தில் ஊன்றி நின்றார்கள். பருவமன்று, பாளையுமில்லை, கலயமுமில்லை. வெளிச்சமும் மே மாதத்து வெளிச்சமன்று. மேகம் மூடி மங்கலாயிருந்தது. நான் எடுத்தவற்றுள் அதனினும் இழந்த படமே சிறந்தது என்று இப்போதும் எண்ணுகிறேன். காணாத படத்தைச் சிறந்ததென்று சொல்ல எவ்வாறு கூடும் என்று என் அறைத்தோழன் கேட்கிறான். கண்ணாடியில் அதனைக் கண்டவன் நான் ஒருவனே. இம்முறை என் தங்கை கைப்பேசியிலும் எடுத்தாள். நானே கேட்டுக்கொண்டேன்.

ஜனவரியிற் கழுவினேன். டெவலப்பர் புட்டியின் கழுத்தில் இப்போது பனைநார் கட்டியிருக்கிறேன். பனிக்கட்டியிலும் அது கழலாது. பன்னிரண்டும் வந்தன. படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது பெரியப்பா அதனைக் கை நீட்டித் தொலைவிற் பிடித்து நெடுநேரம் பார்த்தார்கள். தம் முகத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை. "தடியை இந்தப் பக்கம் சாய்க்கக் கூடாதுல. ஏறுறவன் அப்பிடி வைக்கமாட்டான். யாரு வச்சா?" என்றார்கள். நான்தான் வைத்தேன். அழகுக்காக.

என் பெட்டி தருவது சதுரப் படம். அவர்கள் வாங்கிய சட்டமோ நீண்டது. மேலே பொருத்தினால் கீழே நான்கு விரல் அகலம் வெறுமையாயிருந்தது. பெரியம்மா நாட்காட்டியின் பின்புறத்து வெள்ளைத் தாளை வெட்டி அங்கு ஒட்டினார்கள். படம் இப்போது ஆணியில் தொங்குகிறது. அதனைக் கண்டு அயல்வீட்டார் மூவரும், திருப்பூரிலுள்ள அண்ணனும் தமக்கும் வேண்டுமென்று கேட்டிருக்கின்றனர். நால்வர் பெயரையும் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இருவருடைய படங்களைக் கழுவியாயிற்று; மற்ற இருவரிடமும் இன்னும் கழுவவில்லை என்று சொல்லியிருக்கிறேன். அது மெய்யே.